நின்றுவிட்டவர்களின் நியாயம்

ஒரு பெரிய தாபனத்தின் உள்ளொழுக்கம் எத்தகையது என்பதை அறிய விரும்பும் ஒருவர், அதன் வாயிற்சுவரிற் பொறித்த இலட்சிய வாசகங்களையும் வருடாந்த அறிக்கையின் வழவழப்பான தாள்களையும் ஒருபுறம் வைத்துவிட்டு, அங்கே சில மாதங்கள் வேலை செய்து பின்னர் நின்றுவிட்ட இளையவர்களைச் சிரத்தையோடு விசாரிப்பாராயின், மற்றெவ்விடத்தும் கிடையாத தெளிவான விடையைப் பெறுவார். அம்பாறைக் கரையோரத்தில், பொத்துவில், கோமாரி, திருக்கோவில், தம்பிலுவில், அக்கரைப்பற்று, நிந்தவூர், காரைதீவு, கல்முனை என வடக்கு நோக்கி நீளும் ஊர்களில், அவ்வாறு நின்றுவிட்டு வந்த பிள்ளைகள் இல்லாத தெருவைக் காண்பது அரிது. கட்டுநாயக்காவில் ஆடைத் தொழிற்சாலைக்குப் போனவள் ஒருத்தி. கொழும்பில் நிதிக் கொம்பனியிற் கணக்கெழுதப் போனவன் ஒருவன். சூப்பர் மார்க்கட்டிற் காசாளராக அமர்ந்தவன் இன்னொருவன். இவர்களைப் பற்றி ஊரிலே வழங்கும் அபிப்பிராயமும் முகாமையாளர்களின் அபிப்பிராயமும் இவ்விடயத்தில் ஒன்றுபடுகின்றன: இக்காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை என்பதே அது. அந்த அபிப்பிராயம் தவறானது என்பதும், அவர்கள் விலகுவது பெரும்பாலும் காரண காரியங்களோடு கூடிய ஒரு தீர்ப்பு என்பதும், அத்தீர்ப்பு விலகலாக மட்டுமே வெளிப்பட நேர்வது தாபனங்களின் குறையே என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

எமது கரைக்குப் பெரிய தாபனம் என்பது நெடுங்காலம் அரசாங்கமாகவே இருந்தது. 1949இல் அமைக்கப்பட்ட கல்லோயா அபிவிருத்திச் சபை, இங்கினியாகலையில் அணை கட்டியும் காட்டை வெட்டிக் கழனியாக்கியும் பெருந்தொகையானோருக்கு வேலை கொடுத்தது. ஆயின் 1956 ஜூன் மாதத்தில் அப்பள்ளத்தாக்கில் மூண்ட இனக்கலவரத்தின்போது அங்கிருந்த தமிழ் ஊழியரும் தொழிலாளரும் தாக்கப்பட்டு உயிருக்கு அஞ்சி ஓட நேர்ந்தபின், தன்னிடம் வேலை செய்பவனை ஒரு தாபனம் ஆபத்துக் காலத்தில் காக்குமா, கைவிடுமா என்ற வினா இக்கரையின் மனத்தில் ஆழப் பதிந்துவிட்டது. அதற்குப் பின்னும் அரசாங்க உத்தியோகத்தின் மீதான நாட்டம் குறையவில்லை. 2017இல் மட்டக்களப்புக் காந்திப் பூங்காவிலும் காரைதீவிலும் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தபோது, தனியார் துறையில் இடம் தேடாமல் அரசாங்கத்தின் வாசலில் ஏன் அமர்ந்திருக்கிறார்கள் என்று கேட்டவர் பலர். கேள்வி நியாயமானதே, ஆனால் விடையைத் தேடியவர் சிலரே. அரசாங்க ஊழியருக்கு வருடத்தில் 21 நாள் தற்செயல் விடுமுறையும் 24 நாள் ஓய்வு விடுமுறையும் உண்டு; 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டத்தின்கீழ் வரும் தனியார் ஊழியருக்கு 14 நாள் வருடாந்த விடுமுறையும் 7 நாள் தற்செயல் விடுமுறையும் உண்டு. இந்த எண்களைக் காட்டிலும் முக்கியமானது, அவற்றைப் பெறும் வகை. ஓரிடத்தில் விடுமுறை உரிமையாகக் கிடைக்கிறது, மற்றோரிடத்தில் அதே விடுமுறை ஒரு மனிதரின் தயவாகக் கிடைக்கிறது. தயவை இரந்து நிற்பதற்கு மனமில்லாத ஒருவன் உரிமை உள்ள இடத்தை நாடுவது சோம்பல் ஆகாது.

தன் ஊழியரைக் காக்குமா, கைவிடுமா என்ற சோதனையில் அரசாங்கக் காரியாலயம் எக்காலத்தும் தேறிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பின், அவ்வருடம் மே மாத இறுதியில், அரச காரியாலயங்களில் கடமை புரியும் பெண்கள் சேலை அல்லது ஒசரி எனும் கண்டியச் சேலை மாத்திரமே அணிய வேண்டும் என்று பொது நிர்வாக அமைச்சு ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. பல வருடங்கள் அபாயா அணிந்து கடமை செய்த கல்முனை, சாய்ந்தமருதுப் பெண்களுக்கு, தாம் செய்த வேலை ஒரு நொடியில் மறக்கப்பட்டுத் தம் உடை மட்டும் நினைவிற் கொள்ளப்பட்டதென்ற உணர்ச்சி உண்டாயிற்று. எதிர்ப்புக் கிளம்பி அச்சுற்றறிக்கை கைவிடப்பட்டது. எனினும் அவ்வருடம் புதிதாக வேலைக்குச் சேர்ந்த இளம் பெண் ஒருத்தி, மேசைக்கு அப்பால் இருந்த முகங்களில் எவை தனக்காகப் பேசின, எவை மௌனம் சாதித்தன என்பதை எளிதில் மறந்திருக்கமாட்டாள். தாபனத்தின் கலாசாரம் என்று நாம் பெரிதாகச் சொல்வது, இளையவர்களின் மனத்தில் இவ்வாறான சில முகங்களாகவே எஞ்சுகிறது.

இனி ஆடைத் தொழிலுக்கு வருவோம். ஏனெனில் இலங்கையில் ஆயிரக்கணக்கான இளையவர்கள் ஒரு கூரையின்கீழ் இருந்து ஒரு பெரிய கொம்பனியை மதிப்பிடும் வாய்ப்பை மிகுதியாகத் தந்த தொழில் அதுவே. கட்டுநாயக்கா சுதந்திர வர்த்தக வலயம் 1978இன் சட்டத்தால் தோன்றியது. 1992இல் ஜனாதிபதி பிரேமதாச, கிராமங்களுக்கே தொழிற்சாலைகளைக் கொண்டுசெல்லும் நோக்கோடு 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டத்தை ஆரம்பித்தார். 2009இல் யுத்தம் முடிந்தபின் பெருங் கொம்பனிகள் வடக்கிலும் கிழக்கிலும் கிளை பரப்பின. கிளிநொச்சியில் மாஸ் கொம்பனியும் மட்டக்களப்பின் புனானையில் பிராண்டிக்ஸ் கொம்பனியும் தொழிற்சாலை அமைத்தன. இத்தொழிலின் இளம் பெண்களை அருகிருந்து கவனித்து எழுதிய ஆய்வாளர்கள் உளர். கேற்றின் லிஞ்ச் 2007இல் கிராமத் தொழிற்சாலைகளைப் பற்றியும், சந்தியா ஹேவாமன்ன 2008இல் கட்டுநாயக்காவைப் பற்றியும், கஞ்சனா ருவன்புர 2022இல் கொம்பனிகளின் நன்னடத்தைக் கோவைகளைப் பற்றியும் நூல்கள் வெளியிட்டனர். அவற்றைப் படிப்பவருக்கு ஒன்று புலனாகும்: ஏற்றுமதிச் சந்தையில் ‘குற்றமற்ற ஆடை’ என்று விளம்பரம் செய்யும் அளவுக்குக் கட்டடம், காற்றோட்டம், பாதுகாப்பு, வயதெல்லை முதலியவற்றில் எங்கள் நாட்டுத் தொழிற்சாலைகள் அயல் நாடுகளைக் காட்டிலும் மேம்பட்டவை, ஆனால் தொழிலாளி தன் குறையை அச்சமின்றிச் சொல்லும் உரிமையில் அம்மேம்பாடு அவ்வளவாக இல்லை.

ஒரு பெண் எந்தத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள் என்பது அவளுடைய ஊரில் அவளுடைய மதிப்பையும் நிர்ணயிக்கிறது. தைக்கும் இயந்திரத்தின் பெயரையே இப்பெண்களுக்குப் பட்டப்பெயராக்கி இழித்துரைக்கும் வழக்கம் தென்னிலங்கைக் கிராமங்களில் இருந்ததை லிஞ்ச் விரிவாக எழுதியுள்ளார். எமது கரையில் இப்பிரச்சினை வேறொரு வடிவம் கொள்கிறது. இங்கே தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும், மணம் முடித்தவன் மனைவி வீடு சென்று வாழ்வதும், பெண்ணுக்கு வீட்டைச் சீதனமாகக் கொடுப்பதும் வழக்கம். அக்கரைப்பற்றை மையமாக வைத்து டெனிஸ் மக்கில்வ்ரே 2008இல் வெளியிட்ட நூல் இதனை நுணுக்கமாக விளக்குகிறது. ஆதலால் தம்பிலுவிற் பெண்ணொருத்தியின் சம்பளம் அநேகமாகச் சீமெந்தாகவும் கல்லாகவும் ஓடாகவும் மாறுகிறது. அத்துணை தேவையுள்ள ஒருத்தி, பாதிக் கட்டிய சுவரை அப்படியே விட்டுவிட்டு வேலையிலிருந்து நிற்கிறாள் என்றால், அதனைப் பொறுமையின்மை என்று சொல்லிவிட்டுப் போக எவ்வாறு முடியும்? அவள் நின்றதன் விலையை அவளைக் காட்டிலும் நன்றாக அறிந்தவர் எவரும் இலர்.

அவள் எதனை வைத்துத் தீர்ப்புச் செய்கிறாள்? எமது பகுதிப் பிள்ளைகள் சொல்வதைக் கேட்டால், பெரிய காரியங்கள் அப்பட்டியலில் அநேகமாக இடம்பெறுவதில்லை. சின்னம்மா செத்த வீட்டுக்குப் போக லீவு கேட்டபோது சூப்பவைசர் என்ன முகத்தோடு கையெழுத்திட்டார். கழிவறைக்குப் போகக் கையுயர்த்திக் காத்திருக்க வேண்டியிருந்ததா. காய்ச்சலோடு வந்தவளை மருந்தறையில் இருத்தினார்களா, அல்லது ஒரு மாத்திரையைக் கொடுத்து மெஷினுக்கு அனுப்பினார்களா. ஒரு நாள் வராவிட்டால் வரவுக் கொடுப்பனவு முழுவதும் போய்விடுமா. இரவு வேலை முடிந்து இறங்கும் இடத்திலிருந்து போடிங் வரை வெளிச்சம் இருந்ததா. அறிவித்தற் பலகையில் தமிழ் இருந்ததா. தான் கையெழுத்திட்ட நியமனக் கடிதத்தைத் தன்னால் வாசிக்க முடிந்ததா. முஸ்லிம் இளைஞன் ஒருவனுக்கு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போவது இயல்பாக நடக்கிறதா, ஒவ்வொரு வாரமும் புதிதாகக் கெஞ்சிப் பெற வேண்டியதாக இருக்கிறதா என்பது ஒரு முதன்மையான சோதனை. நோன்பு துறக்கும் வேளையில் லைனை நிறுத்தாவிட்டாலும் பத்து நிமிடம் மாற்றாள் விட்டார்களா என்பது மற்றொன்று. தம்பிலுவிற் பிள்ளைக்கு வைகாசி மாதத்தில் வரும் கண்ணகி அம்மன் சடங்கும் குளிர்த்தியும் அவ்வாறே. எந்தக் கொம்பனியின் நாட்காட்டியிலும் இல்லாத அந்த நாளுக்கு ஊர் திரும்ப வேண்டும் என்ற அவளுடைய தவிப்பை விளங்கிக்கொள்ளும் ஒரு மேலாளர், ஆயிரம் ரூபாய்ப் பரிசால் வாங்க முடியாத விசுவாசத்தை ஒரு கையெழுத்தால் பெறுகிறார்.

எல்லாவற்றுக்கும் மேலாக அவர்கள் சொல்வது ஏச்சு. காசு குறைந்தாலும் பரவாயில்லை, ஏச்சுத்தான் தாங்க ஏலாது என்ற பேச்சை இப்பக்கத்தில் எங்கும் கேட்கலாம். இதனை மேற்பார்வையாளரின் தனிப்பட்ட சுபாவம் என்று கொள்வது மேலோட்டமான பார்வை. ஆடைத் தொழிற்சாலையின் லைன் என்பது ஓர் ஆடையைச் சிறு சிறு தையல்களாகப் பகுத்து, ஒருத்தி காலரையும் மற்றொருத்தி கையையும் வேறொருத்தி பொத்தான் துளையையும் தைக்க, வரிசையாக நகரும் ஏற்பாடு. ஒருத்தி தாமதித்தால் அவளுக்குப் பின்னிருப்பவர் யாவரும் கைகட்டி இருக்க நேரும். மணிக்கு மணி எத்தனை உருப்படி முடிந்ததென்று பலகையில் எழுதப்படும். அந்த எண்ணிக்கைக்குச் சூப்பவைசர் பொறுப்பு. சூப்பவைசருக்கு மேலே உள்ளவர் கப்பலேற்றும் திகதிக்குப் பொறுப்பு. அத்திகதியையும் ஓர் உருப்படியின் விலையையும் கடல் கடந்த கொள்வனவாளர் நிர்ணயிக்கிறார். விலை குறையவும் திகதி நெருங்கவும் உண்டாகும் அழுத்தம் படிப்படியாகக் கீழிறங்கி, இறுதியில் இருபது வயதுப் பெண்ணொருத்தியின் காதருகே உரத்த குரலாக வந்து விழுகிறது. ஆகவே ஏச்சு அவ்வுற்பத்தி முறையின் ஓர் உறுப்பு. சூப்பவைசருக்கு இரண்டு நாள் இன்சொற் பயிற்சி கொடுப்பதால் அது நீங்கிவிடாது. கொள்வனவாளர் இதனை அறியார் என்று நான் நம்பவில்லை.

தாபனங்களின் கலாசாரத்தை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் எட்கார் ஷைன், 1985இல் வெளியிட்ட நூலில் அதனை மூன்று அடுக்காகப் பிரித்தார்: கண்ணுக்குத் தெரியும் கட்டடமும் உடையும் சடங்கும் முதலாவது, தாபனம் தனக்குரியவையென்று பிரகடனம் செய்யும் கொள்கைகள் இரண்டாவது, ஒருவரும் வாய்விட்டுச் சொல்லாத, எல்லோரும் இயல்பென்று ஏற்றுக்கொண்ட எண்ணங்கள் மூன்றாவது. அந்த மூன்றாம் அடுக்கிலேதான் உண்மையான கலாசாரம் உறைகிறது என்பது அவர் கருத்து. நெடுங்காலம் ஓரிடத்தில் இருந்தவர்களின் கண்ணுக்கு அவ்வடுக்கு மறைந்துவிடுகிறது. புதிதாக வந்த இளையவருக்கோ அதுவே முதலிற் கண்ணிற் படுகிறது. கார்ல் மான்ஹைம் 1928இல் தலைமுறைகளைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், ஒவ்வொரு புதிய தலைமுறையும் முன்னோர் சேர்த்துவைத்த உலகத்தைப் புதிதாக எதிர்கொள்கிறது என்றும், அதனாலேயே பழகியவர்க்குத் தோன்றாதது அவர்களுக்குத் தோன்றுகிறது என்றும் விளக்கினார். இளையவர்களின் தீர்ப்புக்கு நான் கொடுக்கும் மதிப்பு அவர்கள் இளையவர்கள் என்பதற்காக அன்று. பழக்கம் அவர்கள் கண்ணை இன்னும் மூடவில்லை என்பதற்காகவே.

இளம் தொழிலாளரின் மனநிலையை அறிய எடுத்த முயற்சிகளில் மிகப் பிரசித்தமானது, சிக்காகோ நகருக்கு அருகே வெஸ்டேர்ன் எலக்ட்ரிக் கொம்பனியின் ஹோதோர்ன் தொழிற்சாலையில் 1924 முதல் 1932 வரை நடந்த ஆய்வு. 1927இல் ஆறு பெண்களைத் தனியறையில் இருத்தி, தொலைபேசி உறுப்புகளைப் பொருத்தும் வேலையைக் கொடுத்து, ஓய்வு நேரத்தையும் வேலை நேரத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். உற்பத்தி பெரும்பாலும் ஏறிக்கொண்டே சென்றது. மனிதரைக் கவனித்தால் வேலை பெருகும் என்ற பாடத்தை அதிலிருந்து எடுத்து முகாமைத்துவக் கல்லூரிகள் இன்றளவும் போதிக்கின்றன. ஆனால் அவ்வாய்வின் ஒரு செய்தி அவ்வளவாகப் போதிக்கப்படுவதில்லை: அதிகம் பேசுகிறார்கள், ஒத்துழைக்கவில்லை என்ற குற்றச்சாட்டின்பேரில் அவ்வறுவரில் இருவர் 1928 ஜனவரியில் அறையிலிருந்து நீக்கப்பட்டு, வேறிருவர் அவ்விடத்தில் அமர்த்தப்பட்டனர். அதன்பின் அதே தொழிற்சாலையில் 20,000க்கும் மேற்பட்ட ஊழியரைப் பேட்டி கண்டார்கள். மனம் விட்டுப் பேசியதால் பலருக்கு ஆறுதல் உண்டாயிற்று என்று எழுதப்பட்டது. பேசியவன் ஆறுதல் அடைவது நல்லதுதான். ஆனால் அவன் பேசியது ஆறுதலுக்காகவா, மாற்றத்துக்காகவா? இன்று பல கொம்பனிகள் வருடந்தோறும் ஊழியரின் கையிற் கொடுக்கும் கருத்துக்கணிப்புத் தாள்கள் இக்கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. தாளை நிரப்பியபின் ஒன்றும் மாறவில்லை என்பதை ஒருமுறை கண்ட இளையவர், அடுத்த வருடம் எல்லாக் கட்டத்திலும் ‘மிக நன்று’ என்று அடையாளமிடுகிறார்; அத்தாளைப் பெற்ற முகாமை அகமகிழ்கிறது; மறுமாதம் அவர் நின்றுவிடுகிறார்.

அமெரிக்காவில் 2021இல் கோடிக்கணக்கானோர் வேலையை உதறிச் சென்றபோது, டொனால்ட் சல் முதலிய ஆய்வாளர்கள் அவ்வருடம் ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை பெருந்தாபனங்களிலிருந்து விலகியோரைப் பற்றிய தரவுகளை ஆராய்ந்து, எந்தக் கொம்பனியில் விலகல் மிகும் என்று முன்னறிவதற்குச் சம்பளத்தைக் காட்டிலும் நச்சுத்தன்மையான கலாசாரம் 10.4 மடங்கு வலிய குறி என்று 2022 ஜனவரியில் வெளியிட்டனர். மரியாதையின்மை, சிலரை ஒதுக்கிவைத்தல், நேர்மையின்மை, ஒருவரையொருவர் வீழ்த்தும் போட்டி, கொடுமைப்படுத்தல் என்பவை அந்நஞ்சின் கூறுகளென்றும் அவர்கள் வகுத்தனர். இம்முடிவை எமது மண்ணுக்கு அப்படியே எடுத்துவருவதில் ஓர் ஆபத்து உண்டு. இளையவர்களுக்குச் சம்பளம் முக்கியமில்லை, மரியாதை போதும் என்று இதற்குப் பொருள் செய்து, குறைந்த சம்பளத்தோடு இன்சொல்லைக் கலந்து கொடுக்கலாமென்று கருதும் முதலாளிகள் தோன்றக்கூடும். இலங்கையின் தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2016இல் 10,000 ரூபாயாக இருந்து, பின் சிறிது சிறிதாக ஏறி, 2025 ஏப்ரலில் 27,000 ஆயிற்று. இடையில் 2022இன் பொருளாதார வீழ்ச்சியில் அரிசியும் பாலும் விலையேறிய வேகத்தை நினைவுகூர்வோருக்கு, இவ்வேற்றத்தின் மெய்யான அளவு விளங்கும். அந்த ஒரே வருடத்தில் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைக்குப் பதிவுசெய்து சென்றனர். சம்பளமே மரியாதையின் முதற்கூறு. வயிற்றுக்குப் போதாத கூலியைக் கொடுத்துவிட்டு மேடையிற் பாராட்டுப் பத்திரம் வழங்குவதை இளையவர்கள் மரியாதையென்று ஒருபோதும் ஏற்பதில்லை.

விலகலைப் பற்றி மிக ஆழமாகச் சிந்தித்தவர் அல்பர்ட் ஹேர்ஷ்மன். ஒரு தாபனம் சீர்கெடும்போது அதைச் சார்ந்தவர்க்கு இரண்டு வழிகள் உண்டு, ஒன்று விட்டு விலகுவது, மற்றது குரலெழுப்புவது என்று 1970இல் அவர் எழுதினார். நைஜீரிய ரயில்வே ஏன் திருந்தவில்லை என்ற கேள்வியே அவரை அச்சிந்தனைக்கு இட்டுச் சென்றது: குறை கண்ட வாடிக்கையாளர் லொறிகளை நாடிப் போய்விட்டமையால், எஞ்சியோர் குரலெழுப்பும் வலிமையற்றோராய் இருந்தனர், ரயில்வேயும் திருந்தாமலே ஓடிற்று. எமது தொழிற்சாலைகளிலும் இதுவே நிகழ்கிறது. அநீதியை முதலில் உணர்பவளும், அதை எடுத்துச் சொல்லும் துணிவுள்ளவளும் முதலில் நிற்கிறாள். அவளுடைய இடத்துக்கு இன்னொரு கிராமத்திலிருந்து இன்னொருத்தி பஸ் ஏற்றிக் கொண்டுவரப்படுகிறாள். பயிற்சிச் செலவு வீண், அனுபவம் வீண், அவள் அறிந்து வைத்திருந்த உண்மையும் வீண்.

குரலெழுப்பும் வழி முற்றாக அடைபட்டிருக்கும் இடத்தில் என்ன நேரும் என்பதைத் தமிழ்நாட்டின் ஸ்ரீபெரும்புதூர் காட்டிற்று. ஐபோன்களைப் பொருத்தும் பாக்ஸ்கான் தொழிற்சாலையின் இளம் பெண் தொழிலாளர் தங்கியிருந்த விடுதியொன்றில், 2021 டிசம்பரில் உணவு நஞ்சாகி 150க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டனர். சிலர் இறந்துவிட்டார்களென்று வதந்தி பரவவே, ஆயிரக்கணக்கான பெண்கள் இரவோடிரவாகச் சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையை மறித்தனர். ஒருவரும் இறக்கவில்லை என்று அதிகாரிகள் சொன்னதை அவர்கள் நம்பவில்லை. நம்பிக்கை என்பது அந்த இரவில் ஒலிபெருக்கியால் உண்டாக்கக்கூடிய பொருளன்று. தங்குமிடமும் உண்ணுமிடமும் தன் தரத்துக்கு ஏற்றவை அல்ல என்று ஆப்பிள் கொம்பனி பின்னர் ஒப்புக்கொண்டு, தொழிற்சாலையைக் கண்காணிப்பில் வைத்தது. 2022 ஜனவரி 12இலே அது மீளத் திறந்தது. தொழிற்கூடத்தின் உள்ளே தூசி படாத வெண்மையைப் பேணிய தாபனம், அத்தொழிலாளர் உறங்கும் அறையைத் தன் கலாசாரத்துக்குப் புறம்பானதாகக் கருதியிருந்தது; அப்பெண்களோ அவ்விரண்டையும் ஒன்றாகவே நோக்கினர். அதே ஸ்ரீபெரும்புதூரில் 2024 செப்டெம்பர் 9இல் சாம்சங் தொழிலாளர் தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாள் நீடித்தது. சம்பள உயர்வோடு அவர்கள் விடாப்பிடியாகக் கேட்டது தமது சங்கத்துக்கு அங்கீகாரம்; அச்சங்கம் 2025 ஜனவரியிற் பதிவாயிற்று.

இலங்கை இளையவர்களும் ஒருமுறை அவ்வாறு திரண்டனர். தனியார் துறை ஓய்வூதிய மசோதா தமது சேமலாப நிதியைத் தொடும் என்று அஞ்சி 2011 மே 30இல் கட்டுநாயக்கா வலயத்துத் தொழிலாளர் கிளர்ந்தெழுந்தனர், பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் காயமுற்ற இளந்தொழிலாளி ஒருவர் இறந்தார், மசோதா கைவிடப்பட்டது. ஊழியரின் 8 வீதமும் முதலாளியின் 12 வீதமுமாகச் சேரும் அந்நிதியைப் பற்றி அப்பிள்ளைகளுக்கு இருந்த தெளிவு, அவர்களைப் பொறுப்பற்றவர் என்று ஏசியோருக்கு இருந்ததில்லை.

உயிர்ப்பலி இல்லாமல் அத்தெளிவு காரியமாகும் வழி உண்டா? திண்டுக்கல்லில் ஒரு வழி காணப்பட்டது. அங்கும் ஓர் உயிர் போனபின்பே. நாச்சி அப்பாரல் தொழிற்சாலையின் இளம் தலித் பெண் தொழிலாளி ஒருவர் 2021 ஜனவரியிற் கொலையுண்டார். அத்தொழிற்சாலையின் மேற்பார்வையாளர் ஒருவர் கைதானார். பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன், அத்தொழிற்சாலையின் உரிமையாளரான ஈஸ்ட்மன் எக்ஸ்போர்ட்ஸ் கொம்பனியோடும் கொள்வனவாளரான எச் அண்ட் எம் கொம்பனியோடும் 2022 ஏப்ரலில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தது. தொழிலாளரிலிருந்தே கண்காணிப்பாளர்கள் பயிற்றப்பட்டு லைன்களிடையே இருப்பார்கள். குறை சொன்னவளைப் பழிவாங்குதல் தடை. தொழிற்சாலை ஒப்பந்தத்தை மீறினால் கொள்வனவாளர் வியாபார ரீதியாக நடவடிக்கை எடுக்கக் கடமைப்பட்டவர். பிந்திய இந்த நிபந்தனையே மற்றெல்லாவற்றுக்கும் உயிர் கொடுத்தது என்பது என் துணிபு. ஏச்சின் ஊற்று கொள்வனவாளரின் விலையிலும் திகதியிலும் இருக்கிறதென்று மேலே சொன்னேன். திண்டுக்கல் ஒப்பந்தம் அந்த ஊற்றிலேயே கைவைத்தது. அதன்பின் அங்கே முறைப்பாடுகள் மிகுந்தன. முறைப்பாடு மிகுவதைக் கெட்ட அறிகுறியென்று எண்ணும் முகாமையாளர் இச்செய்தியை ஆழ்ந்து சிந்திக்க வேண்டும்: முன்னர் அக்குறைகள் இல்லாமல் இருக்கவில்லை, சொல்லப்படாமல் இருந்தன.

எங்கள் நாட்டுச் சட்டத்திலும் இதற்கு அடிப்படை உண்டு. 1999ஆம் ஆண்டின் கைத்தொழிற் பிணக்குகள் திருத்தச் சட்டப்படி, தொழிலாளரில் 40 வீதத்தினரை அங்கத்தவராகக் கொண்ட சங்கத்தோடு பேச மறுப்பது முறையற்ற தொழில் நடத்தையாகும். வர்த்தக வலயங்களில் சங்கத்துக்குப் பதிலாக ஊழியர் மன்றங்கள் என்ற ஏற்பாடு முதலீட்டுச் சபையால் ஊக்குவிக்கப்பட்டது. அம்மன்றங்களிற் பேசுவோரைத் தொழிலாளரே இரகசிய வாக்கால் தெரிவுசெய்யாத வரையில், ஹோதோர்ன் பேட்டிகளுக்கு நேர்ந்த கதியே அவற்றுக்கும் நேரும்.

ஆகவே கிழக்குக் கரைக்குத் தொழிற்சாலை கொண்டுவரும் கொம்பனிகளிடம் நான் கேட்பது சில எளிய காரியங்கள். நியமனக் கடிதத்தையும் முறைப்பாட்டுப் படிவத்தையும் தமிழிலும் கொடுங்கள். நின்றுவிட்ட ஒவ்வொருவரிடமும் அவர் நின்ற காரணத்தை, அவருடைய சூப்பவைசர் அல்லாத ஒருவர் மூலம், அவருடைய சொந்த மொழியிற் கேட்டு எழுதி வையுங்கள். எழுதியதை வருடாந்த அறிக்கையில், விருதுகளுக்கு முன்னால், அச்சிடுங்கள். ஜும்ஆவுக்கும் குளிர்த்திக்கும் செத்த வீட்டுக்கும் கொடுக்கும் விடுமுறையை முன்கூட்டியே விதியாக்கி, கெஞ்சும் அவசியத்தை ஒழியுங்கள். தம்பிலுவில் முதல் கல்முனை வரையுள்ள தாய் தந்தையரிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு: மகளோ மகனோ வேலையை விட்டு நின்றுவிட்டு வந்து வாசலில் பையை வைக்கும்போது, வீட்டுக் கடனையும் அயலாரின் பேச்சையும் எடுத்துச் சொல்வதற்கு முன்பாக, அங்கே என்ன நடந்தது மகள், என்ன நடந்தது மகன் என்று கேளுங்கள், கேட்டு முடியும் வரை குறுக்கிடாதிருங்கள்.